இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்

“அம்மா, இந்த விலை ஏன் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது?”

வந்ததும் வராததுமாகக் கோதண்டபாணி இதைத்தான் கேட்டார். ஒரு கும்பிடு கூடப் போடவில்லை.

பூரணி அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“எந்த விலை?”

“வாஷிங் மெஷின் விலை.”

“ஓ” என்றார் பூரணி அம்மா. மறுபடி கீரையை உருவினார்.

வந்தவாசிச் சாலையில் ஒரு குன்றை ஒட்டி இருக்கிற சின்ன மடம் அது. அதை நடத்துகிற பூரணி அம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். கோதண்டபாணியோ பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் அவருக்கு இவர் அம்மா, இவருக்கு அவர் அண்ணா. மடத்தில் வயசை யார் பார்க்கிறார்கள்!

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மனைவி வேதவல்லியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். குன்றைச் சுற்ற வருகிறவர்களுக்கு மடத்தில் சாப்பாடு போடுவார்கள். அவர் பந்தியைக் கவனிப்பார். வேதவல்லி சமையல்கட்டில் இருப்பார். இரவு தங்கி, மறுநாள் பஸ் ஏறுவார்கள்.

இந்தப் பௌர்ணமிக்கு மனுஷருக்குக் குன்றும் கண்ணில் படவில்லை, பந்தியும் கண்ணில் படவில்லை. நினைப்பெல்லாம் சட்டைப் பையில் இருந்த போனில்தான்.

“நேத்து இறங்கிச்சும்மா. பொங்கல்ல இருந்து பாத்துட்டு இருக்கேன், அந்த அளவுக்கு இறங்கினதே கிடையாது.”

“வாங்கிட்டீங்களா?”

“எங்க வாங்கினேன்!”

“ஏன்?”

“வெள்ளிக்கிழமை. பதினொரு மணி. ராகு காலம்.”

பூரணி அம்மா கீரையை முறத்தில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

“வீட்டுக்கு வர்ற முதல் மெஷினும்மா. ராகு காலத்துல எப்படிப் பட்டனை அமுக்குறது? ஆப்ல கூடை மாதிரி ஒண்ணு இருக்கே, அந்தக் கார்ட்ல போட்டு வெச்சேன். போட்டு வெச்சா நமக்குன்னு ஒதுக்கி வெச்சிடுவான்னு நினைச்சேன். பன்னெண்டு அடிச்சதும் திறக்கிறேன், ஏத்தியிருக்கான்! படுபாவி, ஏத்தியிருக்கான்!”

“யாரு?”

“அதுதான் தெரியல. தெரிஞ்சா நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்க மாட்டேனா?”

சும்மா சொல்லக் கூடாது, கோதண்டபாணி இந்த விஷயத்தில் கில்லாடி. போனில் மூன்று கடைகளின் ஆப் வைத்திருந்தார். விலை ஏறி இறங்கினதைக் கோடு போட்டுக் காட்டுகிற ஆப் ஒன்று தனியாக. எங்கே எது மலிவு என்று நாள் முழுக்கச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிற குரூப் ஒன்றிலும் இருந்தார். எந்த பேங்க் கார்டுக்கு என்றைக்குத் தள்ளுபடி உண்டு என்பது அத்துப்படி. தன்னிடம் அந்தக் கார்டு இல்லையென்றால் மச்சானிடம் வாங்கி வைத்துக்கொள்வார்.

ஊர் பஸ்ஸையெல்லாம் நிமிஷம் பிசகாமல் அனுப்பி வைத்தவர். இந்த ஒரு விலையில் மட்டும் அவரால் ஏற முடியவில்லை.

இறங்கினால், “இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்” என்பார். ஏறினால், “பழைய விலைக்கு வரட்டும்” என்பார்.

இத்தனைக்கும் ஆசைக்கு வாங்குகிற சாமானா அது? வேதவல்லிக்கு மணிக்கட்டு இரண்டும் வீங்கிக் கிடந்தன. துணி பிழிவதை நிறுத்தாவிட்டால் விரல் மடங்காமலே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்றுதான் கோதண்டபாணி மெஷின் பார்க்கவே ஆரம்பித்தார். பெண்டாட்டி மேல் பிரியம் இல்லாத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள், உயிரையே வைத்திருந்தார். ஆனால் பொங்கல் போய் ஆவணி வந்துவிட்டது. அவர் விலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் பிழிந்துகொண்டிருந்தார்.

அதுவரைக்கும் இவர் துவைக்கலாமே என்கிறீர்களா? அது ஒரு நாளாவது அவர் புத்தியில் உறைத்திருந்தால் எனக்கு இங்கே என்ன வேலை?

“சொல்லுங்கம்மா. ஏன் நிக்க மாட்டேங்குது?”

“அண்ணா, தோட்டத்துக் கொய்யா பழுத்துக் கிடக்கு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள தள்ளலேன்னா அழுகிடும். வாசல்ல உக்காந்து வித்துக் குடுங்க.”

“நான் கேட்டதுக்குப் பதில்?”

“கூடை கிணத்தடியில இருக்கு.”

“என்ன விலைக்கு விக்கிறது?”

“உங்க இஷ்டம்.”

கோதண்டபாணி முணுமுணுத்துக்கொண்டே கூடையைத் தூக்கினார்.

வாசலில் சாக்கை விரித்து, நாலு நாலு பழமாகக் கூறு கட்டினார். கூறு முப்பது ரூபாய் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

முதலில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இருபத்தைந்து என்றார். ரெண்டு பேர் நின்றார்கள். அந்த ரெண்டு பேரைப் பார்த்து நாலு பேர் நின்றார்கள்.

“அட!” என்று முப்பதுக்கே திரும்பினார்.

வெயில் ஏறியது. குன்றைச் சுற்றிவிட்டு வந்தவர்கள் நாக்கு வறண்டு வந்தார்கள். நாற்பது என்றார். மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். கோதண்டபாணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் எதிர்ப்பக்கம் ஒரு அம்மாள் தள்ளுவண்டியை நிறுத்தினாள். அதிலும் கொய்யா!

கழுத்தை நீட்டி, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். முப்பத்தைந்தாம்.

“முப்பத்தி மூணு! மடத்துக் கொய்யா, முப்பத்தி மூணு!”

அவள் முப்பது என்றாள். இவர் இருபத்தெட்டு என்றார். அவள் இடுப்பில் கை வைத்து இவரை ஒரு முறை முறைத்தாள்.

அந்த நேரம் பார்த்து ஆற்காட்டிலிருந்து ஒரு சுற்றுலா பஸ் வந்து நின்றது. திமுதிமுவென்று சனம் இறங்கியது. இவர் அவளைப் பார்த்தார். அவள் இவரைப் பார்த்தாள். இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒரே சமயத்தில் “அம்பது” என்று வந்தது.

மதியத்துக்கு மேல் அவள் வண்டி காலியானது, போய்விட்டாள். இவரிடம் மட்டும்தான் பழம். ஐம்பத்தைந்து.

பிறகு மேற்கே மழை கட்டியது.

கோதண்டபாணி வானத்தைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். “கூறு இருபது!” என்று எழுந்து நின்று கத்தினார். முதல் தூறல் விழுந்ததும், “பத்து! பத்து! அள்ளிக்கிட்டுப் போங்க!”

இந்தக் கூத்தையெல்லாம் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் காலையிலிருந்து ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வப்போது வந்து விலை கேட்பார், “இறங்கட்டும்” என்று போய் நிற்பார். கடைசிக் கூறு பத்து ரூபாய்க்குக் கிடந்தபோது கிட்டே வந்தார்.

“அஞ்சுக்குத் தர்றியா?”

அவர் வாயை மூடுவதற்குள் ஒரு பாட்டியம்மாள் பத்து ரூபாயை வீசிவிட்டுக் கூறை மடியில் கட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

கோதண்டபாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“யோவ், காலையில இருந்து காஞ்சு போய் நிக்கிறியே, ஒண்ணு வாங்கித் தின்னு தொலைஞ்சிருக்கக் கூடாதா? உன்னைப் பாத்தா எனக்கே வயித்தெரிச்சலா இருக்கு!”

மழை வலுத்தது. சட்டைக்காரர் நனைந்துகொண்டே போனார்.

பந்தியெல்லாம் முடிந்து, பந்தியில் விரித்த ஜமுக்காளங்கள் நனைந்து சேறாகிக் கிடந்த சாயங்காலத்தில், கோதண்டபாணி காலி கூடையோடு பூரணி அம்மாவின் முன்னால் வந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

“ஒரு பழம் மிச்சமில்ல!”

“என்ன விலைக்கு வித்தீங்க?”

“ஒரு விலையாம்மா அது! நினைச்சு நினைச்சு மாத்தினேன்.”

“ஏன் மாத்தினீங்க? யாரை ஏமாத்த?”

“ஐயையோ, ஏமாத்தறதாவது! வெயில் ஏறிச்சு, ஏத்தினேன். எதிர்க்க ஒருத்தி வந்தா, இறக்கினேன். பஸ் வந்துச்சு, ஏத்தினேன். அவ போயிட்டா, இன்னும் ஏத்தினேன். மழை வந்துச்சு, கிடைச்சது போதும்னு...”

காலி கூடையை ஒரு தரம் குனிந்து பார்த்தார்.

“அப்ப... அந்த மெஷின் விக்கிறவனும் இதையேதான் பண்றானா?”

“அவன்னு ஒருத்தர் உக்காந்து பண்ணலை அண்ணா. ஒரு கணக்கு பண்ணுது. எதிர்க்கடையைப் பாக்க நீங்க கழுத்தை நீட்டினீங்க. அது நாட்டுல இருக்கிற கடையெல்லாத்தையும் ஒரே நேரத்துல பாக்குது. எத்தனை பேர் வந்து நிக்கிறாங்க, கிடங்குல எத்தனை மிச்சம், எல்லாம் அதுக்குத் தெரியும். நீங்க ஒரு பகல் முழுக்க மாத்தினதை அது கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள மாத்திடும். அதுக்குப் பசிக்காது. தூக்கம் வராது. ராகு காலமும் கிடையாது.”

“கார்ட்ல போட்டு வெச்சேனே?”

“காலையில ஒருத்தர் கூறைக் கையில எடுத்துப் பாத்துட்டுக் கீழே வெச்சுட்டுப் போனா, அவருக்குன்னு அதே விலையில சாயங்காலம் வரைக்கும் எடுத்து வெச்சிருந்தீங்களா?”

“நான் எதுக்கு வெக்கணும்?”

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நாள் முழுக்கத் திட்டித் தீர்த்த படுபாவி யாரென்று தெரிந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

ஆனால் ஆள் விடுகிறவரா?

“சரிம்மா. ஏன் ஓடுதுன்னு புரிஞ்சு போச்சு. பிடிக்கிறது எப்படி?”

“ஓடுறதைத் துரத்தாதீங்க.”

“பின்ன?”

“நீங்க ஒரு விலையில நில்லுங்க. அந்த விலைக்கு வந்தா என்னைக் கூப்பிடுன்னு போன்கிட்ட சொல்லி வைங்க. கூப்பிட்டா வாங்குங்க. வாங்கினப்புறம் எட்டிப் பாக்காதீங்க.”

“அதெல்லாம் போன்ல வசதி இருக்கு, எனக்குத் தெரியும். எந்த விலையில நிக்கிறது? அதுதானே சிக்கல். இருக்கிறதுலயே குறைஞ்ச விலையில நிக்கலாமா?”

“எது குறைஞ்ச விலைன்னு எப்பத் தெரியும்?”

கோதண்டபாணி நேற்றைய வெள்ளிக்கிழமையை நினைத்தார். தலையைச் சொறிந்தார்.

“அது... போன பிறகுதான் தெரியும்.”

“போய்ப் படுங்க அண்ணா. காலையில வேலை இருக்கு.”

காலையில் கிணற்றடியில் ஜமுக்காளங்கள் மலை மாதிரி கிடந்தன. பவானி ஜமுக்காளம். காய்ந்திருந்தாலே ஒரு ஆள் தூக்கத் திணறணும். நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

“இதை அலசிப் பிழிஞ்சு போட்டுடுங்க அண்ணா. உங்களுக்குப் பதில் சொல்றேன்.”

“இதென்ன பிரமாதம்!” என்று கோதண்டபாணி வேட்டியை மடித்துக் கட்டினார்.

தண்ணீர் ஊற்றி மிதித்தார். அதுவரைக்கும் குஷிதான். ஒரு முனையைத் தூணில் சுற்றி, மறுமுனையைப் பிடித்து முறுக்கினார். தண்ணீர் கொட்டியது. இன்னொரு சுற்று முறுக்கினார். தோள் இழுத்தது. இன்னொரு சுற்று.

“சொட்டுதே அண்ணா. இப்படிப் போட்டா ரெண்டு நாளானாலும் காயாது.”

பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். மணிக்கட்டில் யாரோ ஊசியை ஏற்றின மாதிரி இருந்தது. ஜமுக்காளம் கையை விட்டு உருவிக்கொண்டு தரையில் விழுந்தது.

“ஒண்ணு ஆச்சு. அடுத்ததை எடுங்க.”

“கொஞ்சம் இருங்கம்மா. கை விட்டுப் போச்சு.”

“சும்மா செய்ய வேண்டாம், கூலி தர்றேன். ஒண்ணு பிழிய எவ்வளவு கேப்பீங்க?”

“போங்கம்மா, விளையாடுறீங்க. ஆயிரம் குடுத்தாலும் முடியாது.”

“ரெண்டாயிரம்?”

“நீங்க அஞ்சாயிரம் குடுத்தாலும் சரி, பத்தாயிரம் குடுத்தாலும் சரி, இந்தக் கையால இன்னிக்கு இன்னொரு சுத்து சுத்த மாட்டேன். ஆளை விடுங்க!”

பூரணி அம்மா குடத்தை எடுத்துத் தண்ணீர் சேந்தப் போனார்.

சத்தம் கேட்டு வேதவல்லி சமையல்கட்டிலிருந்து வந்தார். தரையில் கிடந்த ஜமுக்காளத்தைப் பார்த்தார். கையை உதறிக்கொண்டு நிற்கிற புருஷனைப் பார்த்தார்.

“உங்களுக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்? தள்ளுங்க, நான் பிழியறேன்.”

சொன்ன கையோடு முனையைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார்.

“ஸ்ஸ்...”

சின்னச் சத்தம்தான். கோதண்டபாணிக்கு அது புதிதில்லை. தினமும் காலையில் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து கேட்கிற சத்தம். குழாய்த் தண்ணீர் சத்தம் மாதிரி அதுவும் காதுக்குப் பழகிவிட்டது. அது கேட்கிற நேரத்தில் அவர் கூடத்தில் உட்கார்ந்து, ராத்திரி விலை ஏறியதா இறங்கியதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

“விடு.”

“இன்னும் ஒரு சுத்துதான்...”

“விடுன்னா விடு வேதா!”

பிடுங்கிக் கீழே போட்டார். வேதவல்லியின் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். இரண்டு மணிக்கட்டும் சுட்ட அப்பளம் மாதிரி உப்பி, சிவந்து கிடந்தன. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. பத்தாயிரம் கொடுத்தாலும் மாட்டேன் என்று இப்போதுதான் அந்த வாய் சொல்லியிருந்தது.

வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். வெள்ளிக்கிழமையைவிட ஏறித்தான் இருந்தது. ஏறட்டும். பேங்கில் அதற்கென்று போட்டு வைத்திருந்த பணத்துக்கு மேல் போகவில்லை. அது போதும்.

“இப்பவே வாங்கிடறேன். இதோ, பட்டனை அமுக்கப் போறேன்.”

குடத்தோடு வந்த பூரணி அம்மா நின்றார்.

“அக்காகிட்ட காட்டினீங்களா?”

“என்னத்தை?”

“மெஷினை.”

“இவளுக்கு அதெல்லாம் என்ன தெரியும்...” என்று ஆரம்பித்தவர், பாதியில் விழுங்கிக்கொண்டார். போனைத் திருப்பி மனைவியிடம் நீட்டினார்.

“இதுதான் வேதா. நல்லா பாரு.”

வேதவல்லி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இது முன்னால கதவு வெச்சதா?”

“ஆமா. ஏன்?”

“துணியைப் போடவும் எடுக்கவும் குனியணுமே. எனக்கு இடுப்பு எங்க வளையுது? மேல திறக்கிறதுன்னா நின்னாப்புலயே எடுத்துப்பேன்.”

கோதண்டபாணி போனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

“பொங்கல்ல இருந்து இதையே பாத்துட்டு இருக்கேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்க எங்க கேட்டீங்க? விலையைத்தானே கேட்டுக்கிட்டு இருந்தீங்க.”

பூரணி அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பைத்தான் மூடினார், வேறென்ன!

கோதண்டபாணி மறுபடி தேடினார். மேலே திறக்கிறது வந்தது. ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். ஒன்றில் வேதவல்லியின் விரல் நின்றது.

“இது நல்லா இருக்கு.”

“இதுவா?”

“இதுதான்.” விலையைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. “ஏங்க, இது இறங்கின விலையா, ஏறின விலையா?”

கோதண்டபாணி பட்டனை அமுக்கினார்.

“தெரியாது” என்றார்.